சேர்வர் டிஸ்க் நிரம்பினால்: அழிக்க முதல் அளந்து பாருங்கள்

கச்சான் காற்று அடிக்கும் ஆகஸ்ட் மாதம், வெள்ளிக்கிழமை இரவு பத்து மணி. திருகோணமலையில் நிலாவெளிப் பக்கம் ஒரு விடுதியில் வரவேற்பு மேசையையும் கொம்பியூட்டரையும் சேர்த்துப் பார்க்கும் தம்பி போன் எடுத்தார்.

“அண்ணை, புக்கிங் ஒண்டும் ஏறுதில்லை. உள்ளுக்குப் போகவே விடுதில்லை.”

“என்ன எரர் காட்டுது? அப்பிடியே வாசியும்.”

“நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஒன் டிவைஸ். டிஸ்க் நூறு வீதமாம். அதுதான் /வார்/லொக்குக்குள்ள கிடந்த பெரிய ஃபைல் ஒண்டை அழிச்சுப்போட்டன். 19 ஜிகாபைட் அண்ணை! ஆனா இன்னும் நூறு வீதத்திலதான் நிக்குது.”

உவர்மலையில் என் வீட்டிலிருந்து நிலாவெளி தூரமில்லை. ஆனால் போயும் பயனில்லை; சேர்வர் கிடப்பது சிங்கப்பூரில். மாத வாடகைக்கு எடுத்த, 40 ஜிகாபைட் டிஸ்க் கொண்ட சின்ன லினக்ஸ் இயந்திரம். ஆகவே ஒவ்வொரு கமாண்டாகப் போனிலேயே சொல்லி முடித்தோம். அன்று சொன்ன ஒழுங்கிலேயே இங்கே எழுதுகிறேன். கமாண்டுகளும் போனில் சொன்ன ஒலிப்பிலேயே இருக்கின்றன. தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்கிறேன். உபுண்டு, டெபியன் என்ற லினக்ஸ் வகைகளை வைத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் அப்படியே பொருந்தும். அழித்த 19 ஜிகாபைட் எங்கே போனது என்ற கணக்கு நாலாம் படியில் வரும்.

கை வைக்க முதல்

ரீஸ்டார்ட் பண்ணாதீர்கள். டிஸ்க் நிரம்பிய இயந்திரம் திரும்ப எழும்பும்போது டேட்டாபேஸ் போன்ற சேவைகள் தொடங்காமல் போகலாம். அரை உயிரோடு இருந்ததை முழுதாகப் படுக்க வைத்த கதையாகிவிடும். திறந்திருக்கும் எஸ்எஸ்எச் (தூரத்துச் சேர்வருக்குள் நுழையும்) இணைப்பையும் மூடாதீர்கள். டேப் விசையை அழுத்திப் பெயரை நிரப்பப் பார்த்தால் தற்காலிக ஃபைல் உருவாக்க முடியவில்லை என்று, நாம் தட்டும் கமாண்டை வாங்கும் பாஷே முறைப்படும். பயப்பட வேண்டாம், முழுப் பெயரையும் கையால் தட்டுங்கள்.

ரூட் பயனராக, அதாவது எல்லா அதிகாரமும் உள்ளவராக, இருந்தால் கொஞ்சம் மூச்சு விடலாம். ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமை மொத்த இடத்தில் 5 வீதத்தை ரூட்டுக்கென்று ஒதுக்கி வைக்கிறது. சாதாரணப் பயனருக்கு இடமில்லை என்று சொல்லும் நேரத்திலும் ரூட் கொஞ்சம் எழுதலாம். 40 ஜிகாபைட் டிஸ்கில் இது 2 ஜிகாபைட். ‘சைஸ் 40, யூஸ்ட் 38, அவெய்லபிள் 0’ என்று காட்டும்போது கணக்குப் பிழை என்று தலையைச் சொறிவார்களே, அந்த 2 இங்கேதான் நிற்கிறது.

படி 1: எந்தப் பகுதி நிரம்பியது?

டிஎஃப் -எச்

இதில் வரும் வரிகளில் பாதி உங்களுக்குத் தேவையில்லை. டிஎம்பிஎஃப்எஸ் என்று இருப்பவை நினைவகத்தில் நிற்பவை. கடைசியில் /ஸ்னாப் என்று வரும் வரிகள் எப்போதும் 100 வீதம்தான் காட்டும். அவை வாசிக்க மட்டுமே ஆன, இறுக்கி அடைத்த படிமங்கள். அவற்றைக் கண்டு பதறி நடுச்சாமத்தில் எனக்குப் போன் எடுத்தவர்கள் உண்டு. ஓவர்லே என்று ஒரே அளவோடு பலமுறை வருவது டொக்கரின் (அப்ளிகேஷன்களைக் கண்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் மென்பொருள்) வேலை, தனித்தனி டிஸ்க் அல்ல. மிச்சமிருப்பதில் கடைசி நிரலைப் பாருங்கள். அதுதான் மவுண்ட் பண்ணிய, அதாவது அந்தப் பகுதியை இணைத்து வைத்திருக்கும் இடம்.

சீனன்குடாவில் பிரித்தானியர் கட்டிவிட்டுப்போன எண்ணெய்க் குதங்கள் 99 என்பது நமக்கெல்லாம் தெரியும். ஒன்று வழியும்போது பக்கத்தில் இருப்பது காலி என்று சொல்லிப் பயனில்லை, இடையில் குழாய் இல்லாதவரை. டிஸ்கைப் பிரித்து வைத்த பகுதியான பார்டிஷனும் அப்படித்தான். /ஹோம் பகுதியில் 200 ஜிகாபைட் சும்மா கிடந்தாலும் /வார் தனிப் பகுதியாக இருந்து நிரம்பினால் சேர்வர் நிற்கத்தான் செய்யும். எனவே ‘டிஸ்க் நிரம்பிவிட்டது’ என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது ‘எது?’ என்றுதான்.

படி 2: இடம் இருக்கிறது, ஆனாலும் எழுத முடியவில்லையா?

டிஎஃப் -ஐ

டிஎஃப் -எச் 60 வீதம் என்று காட்டியும் அதே எரர் வருகிறதென்றால் ஐநோட் தீர்ந்திருக்கும். விடுதியில் அறைகள் காலி, ஆனால் பதிவேட்டில் பெயர் எழுத வரி இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஃபைலுக்கும், அது ஒரு பைட் என்றாலும், ஒரு வரி வேண்டும். ஈஎக்ஸ்டி4 வழக்கமாக 16 கிலோபைட்டுக்கு ஒரு ஐநோட் என்ற கணக்கில், டிஸ்கை அமைக்கும் நாளிலேயே எண்ணி வைத்துவிடும். 40 ஜிகாபைட்டுக்குச் சுமார் 26 லட்சம். பிறகு கோப்பு முறைமையைப் பெரிதாக்கினாலொழிய கூட்ட முடியாது. இன்னொரு கோப்பு முறைமையான எக்ஸ்எஃப்எஸ் தேவைக்கேற்ப உருவாக்கிக்கொள்ளும் என்பதால் அங்கே இந்தத் தொல்லை குறைவு.

ஐநோட்டைத் தின்பவை பெரும்பாலும் பிஎச்பி செஷன் ஃபைல்கள், வலைத்தளத்தின் கேஷ் ஃபோல்டர், யாரும் வாசிக்காத மெயில் வரிசை. எங்கே குவிந்திருக்கிறது என்று காண (முன்னால் வரும் சூடோ, கமாண்டை ரூட்டின் அதிகாரத்தோடு ஓடவிடும்):

சூடோ டியு --ஐநோட்ஸ் -எக்ஸ் --மேக்ஸ்-டெப்த்=2 / | சோர்ட் -என்

கண்டுபிடித்ததும் அழிக்கும் கமாண்டான ஆர்எம் போட்டு நட்சத்திரக் குறி வைத்தால் ‘ஆர்க்யூமெண்ட் லிஸ்ட் டூ லோங்’ என்று திருப்பிவிடும். ஃபைண்டிடம் கொடுங்கள். இரண்டு நாளாவது பழசான செஷன்களுக்கு (+1 என்றால் இரண்டு முழு நாள் கடந்தவை):

சூடோ ஃபைண்ட் /வார்/லிப்/பிஎச்பி/செஷன்ஸ் -டைப் எஃப் -எம்டைம் +1 -டிலீட்

-டிலீட் கடைசியில்தான் வர வேண்டும். அதை முன்னுக்குப் போட்டால் வயதைப் பார்க்காமல் எல்லாவற்றையும் துடைத்துவிடும். முதலில் அந்தச் சொல் இல்லாமல் ஒருமுறை ஓடவிட்டுப் பட்டியலைப் பாருங்கள்.

இடமும் உண்டு, ஐநோட்டும் உண்டு, எரர் மட்டும் போகவில்லை என்றால் இரண்டு சந்தேகங்கள்: அந்தப் பயனருக்குக் கோட்டா (இவ்வளவுதான் என்ற எல்லை) வைத்திருக்கிறார்கள், அல்லது ஃபைல் மாற்றங்களைக் கண்காணிக்கும் ஐநோட்டிஃபை எண்ணிக்கை முடிந்திருக்கிறது. லினக்ஸ் இந்த இரண்டாவதற்கும் அதே ‘இடமில்லை’ என்ற வசனத்தையே சொல்வது பெரிய அநியாயம். எஃப்எஸ்.ஐநோட்டிஃபை.மேக்ஸ்_யூசர்_வொச்சஸ் என்ற அளவைக் கூட்டினால் தீரும்.

படி 3: யார் தின்றது?

சூடோ டியு -எக்ஸ்எச் --மேக்ஸ்-டெப்த்=1 / | சோர்ட் -எச்

-எக்ஸ் முக்கியம். அது இல்லாவிட்டால் வேறு டிஸ்குகளுக்குள்ளும் நுழைந்து எண்ணி உங்களைக் குழப்பும். சூடோவும் முக்கியம், இல்லாவிட்டால் பூட்டிய அறைகளை எண்ணாமல் வந்து ‘எல்லாம் சரி’ என்று சொல்லும். கடைசி வரியில் வருவது மொத்தம், அதற்கு மேலுள்ளது பெரிய தீனிக்காரர். அது /வார் என்றால் கமாண்டின் முனையை /வார் என்று மாற்றித் திரும்ப ஓடவிடுங்கள். மூன்று நான்கு முறை இறங்கினால் ஆளைப் பிடிக்கலாம். என்சிடியு என்ற சின்ன மென்பொருள் இருந்தால் அம்புக்குறி விசையால் இறங்கி ஏறலாம், வேலை பாதி. ஆனால் டிஸ்க் நிரம்பிய பிறகு அதை நிறுவவும் இடம் இருக்காது. இன்றே நிறுவி வையுங்கள்.

படி 4: டிஎஃப் ஒன்று சொல்கிறது, டியு வேறொன்று சொல்கிறது

தம்பியின் 19 ஜிகாபைட் கிடந்த இடம் இதுதான். டிஎஃப் 38 ஜிகாபைட் போய்விட்டது என்கிறது. டியு முழுவதையும் கூட்டினால் 19தான் வருகிறது.

லினக்ஸில் ஃபைலை அழிப்பதென்றால் பெயரை அழிப்பது, அவ்வளவுதான். ஒரு புரோகிராம் அந்த ஃபைலைத் திறந்து வைத்திருக்கும்வரை உள்ளடக்கம் டிஸ்கில் அப்படியே கிடக்கும். ஃபோல்டருக்குள் தேடினால் காணாது, டியுவும் எண்ணாது, ஆனால் இடம் வெளிவராது. பல வருடத்துக்கு முன் நானும் இதே வேலையைச் செய்துவிட்டு, அழித்தது போதாதாக்கும் என்று நினைத்து மேலும் மேலும் அழித்துக்கொண்டு போனேன். கடைசியில் அழித்தது ஒரு பேக்கப். பிறகுதான் இந்தக் கமாண்டைப் படித்தேன்:

சூடோ எல்எஸ்ஓஎஃப் +எல்1

எல்1 என்பதில் எல் மட்டும் பெரிய எழுத்து. பெயர் போயும் உயிர் போகாத ஃபைல்களின் பட்டியல் வரும். ‘டிலீட்டட்’ என்று பக்கத்தில் எழுதியிருக்கும். இரண்டாவது நிரலில் இருப்பது பிஐடி, அதாவது பிடித்து வைத்திருக்கும் புரோகிராமின் எண். அந்தச் சேவையை மட்டும் ரீஸ்டார்ட் செய்தால் பிடி விடும், இடம் உடனே திரும்பும்.

விருந்தினர் பதிவு நடக்கும் நேரத்தில் நிறுத்த முடியாதா? பிஐடியையும் எஃப்டி நிரலில் உள்ள எண்ணையும் எடுங்கள். பிஐடி 1423, எஃப்டி 7 என்றால்:

சூடோ ட்ரன்கேட் -எஸ் 0 /ப்ரொக்/1423/எஃப்டி/7

எஃப்டி எண்ணின் பின்னால் டபிள்யூ அல்லது யூ என்று ஒட்டிக்கொண்டு வரும், அதை விட்டுவிடுங்கள். இது லொக் (நடந்ததை எழுதி வைக்கும்) ஃபைலுக்கு மட்டும். அந்த ஃபைல் டேட்டாபேஸின் சொத்தாக இருந்தால் தொடவே வேண்டாம். பெயர் இன்னும் அழியாமல் இருக்கும் பெரிய லொக்குக்கும் ஆர்எம் வேண்டாம். ட்ரன்கேட் -எஸ் 0 என்று போட்டு ஃபைல் பெயரைக் கொடுத்தால் ஃபைல் இருக்கும், உள்ளே வெறுமையாகும்.

எல்எஸ்ஓஎஃப் ஒன்றும் காட்டவில்லை, ஆனாலும் கணக்கு இடிக்கிறதென்றால் மவுண்டுக்குக் கீழே பாருங்கள். சொந்தக் கட்டடத்தில் சேர்வர் வைத்திருப்பவர்களுக்கு மாரியில் இது வரும். கரண்ட் போய்த் திரும்பும்போது வெளி டிஸ்க் மவுண்ட் ஆகாமல் விட்டுவிடும். இரவு இரண்டு மணிக்குப் பேக்கப் ஸ்கிரிப்ட் எழும்பி, /பேக்கப் என்ற வெறும் ஃபோல்டருக்குள், அதாவது மூல டிஸ்கிலேயே, எழுதித் தள்ளும். காலையில் யாரோ டிஸ்கைத் திரும்ப மவுண்ட் பண்ணுவார்கள். எழுதியதெல்லாம் பாயை விரித்து மூடியதுபோல் கீழே மறைந்துவிடும். பாயைத் தூக்கிப் பார்க்க:

சூடோ மவுண்ட் --பைண்ட் / /எம்என்டி

பிறகு /எம்என்டி/பேக்கப் உள்ளே டியு ஓடவிடுங்கள். வேலை முடிந்ததும் யுமவுண்ட் செய்ய மறக்காதீர்கள். பேக்கப் ஸ்கிரிப்டின் தலையில் ‘மவுண்ட்பொயிண்ட் -க்யூ /பேக்கப் || எக்ஸிட் 1’ என்று ஒரு வரி சேர்த்தால் இந்தத் தொல்லை திரும்பாது.

படி 5: சொந்தக்காரரிடம் கேட்டு அழியுங்கள்

டிஸ்கில் உள்ள ஒவ்வொரு பெரிய ஃபைலுக்கும் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். லொக்குக்கு ஒருவர், டேட்டாபேஸுக்கு ஒருவர். சுத்தம் செய்யச் சொன்னால் அவரே ஒழுங்காகச் செய்வார். நீங்கள் பின்கதவால் போய் ஆர்எம் போட்டால் அவருடைய பதிவேட்டில் ஒன்று, அலுமாரியில் வேறொன்று.

சுலபமானவை முதலில். சிஸ்டம்டியின் ஜேர்னல், அதாவது இயந்திரத்தின் பொது லொக், தானாகவே டிஸ்கின் 10 வீதம் அல்லது 4 ஜிகாபைட், இவற்றில் குறைந்ததோடு நின்றுவிடும். ஆனால் 40 ஜிகாபைட்காரருக்கு 4 என்பதும் காசு. ‘ஜேர்னல்சிடிஎல் --வேக்யூம்-சைஸ்=200எம்’ (எம் பெரிய எழுத்து) போட்டால் குறையும். ‘ஏபிடி க்ளீன்’ இறக்கி வைத்த பொதிகளைத் துடைக்கும், ஆபத்தில்லை. /பூட் நிரம்பினால் பழைய கேர்னல்கள் சேர்ந்திருக்கின்றன. ‘ஏபிடி ஓட்டோரிமூவ் --பர்ஜ்’ போதும், கையால் எடுக்காதீர்கள்.

டொக்கரில் ‘டொக்கர் சிஸ்டம் டிஎஃப்’ கணக்குச் சொல்லும். ‘டொக்கர் சிஸ்டம் ப்ரூன்’ நின்றுபோன கண்டெய்னர், பெயரில்லாப் படிமம், பில்ட் கேஷ் ஆகியவற்றை எடுக்கும். --வொல்யூம்ஸ் என்பதைக் கூடச் சேர்த்தால் பயன்பாட்டில் இல்லாத வொல்யூம்களும் போகலாம். நிறுத்தி வைத்த டேட்டாபேஸ் ஒன்றின் வொல்யூம் அதில் இருந்தால் அழுதும் வராது. ஓவர்லே2 ஃபோல்டருக்குள் கை வைக்கவே கூடாது. டொக்கரில் பலர் காணாத ஓட்டை கண்டெய்னரின் லொக். வழக்கமான அமைப்பில் அதற்கு எல்லையே இல்லை. /ஈடிசி/டொக்கர்/டீமன்.ஜேசன் ஃபைலில் மேக்ஸ்-சைஸ் 10எம், மேக்ஸ்-ஃபைல் 3 என்று வைத்து டொக்கரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். அது புதிதாக உருவாக்கும் கண்டெய்னருக்குத்தான் செல்லும்; பழையதை எடுத்துவிட்டுத் திரும்ப உருவாக்க வேண்டும்.

மைஎஸ்க்யூஎல்லுக்கு வருவோம், ஆட்கள் அதிகம் கெடுத்துக்கொள்வது இங்கேதான். 8.0 பதிப்பிலிருந்து, மாற்றங்களைப் பதியும் பைனரி லொக் தானாகவே எழுதப்படுகிறது, 30 நாள் வைத்திருக்கும். சின்ன விடுதிக்கு அது வீண். ஆனால் /வார்/லிப்/மைஎஸ்க்யூஎல் உள்ளே போய் பின்லொக் என்று தொடங்கும் ஃபைல்களைக் கையால் அழித்தால் அதன் இண்டெக்ஸ் (பெயர்ப்பட்டியல்) ஃபைலோடு பொருந்தாமல் போகும். உள்ளே நுழைந்து இப்படிச் சொல்லுங்கள்:

பர்ஜ் பைனரி லொக்ஸ் பிஃபோர் நவ்() - இன்டர்வல் 3 டே;

ரெப்ளிகா (டேட்டாபேஸின் நகலாக ஓடும் இன்னொரு சேர்வர்) இருந்தால் அது எல்லாவற்றையும் வாசித்து முடித்ததா என்று பார்த்த பிறகு மட்டும். நிரந்தரமாகக் குறைக்க பின்லொக்_எக்ஸ்பயர்_லொக்ஸ்_செகண்ட்ஸ் என்பதை 604800 ஆக்குங்கள், அது 7 நாள்.

இன்னொரு ஏமாற்றம்: அட்டவணையில் பழைய வரிகளை டிலீட் செய்தால் மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்புப் பகுதியான இன்னோடிபி இடத்தை டிஸ்குக்குத் திருப்பித் தராது, தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். ‘ஒப்டிமைஸ் டேபிள்’ போட்டால் திரும்பும்தான், ஆனால் அது அட்டவணையைப் புதிதாக எழுதிப் பிறகு பழையதை விடுவிக்கும். நிரம்பிய டிஸ்கில் 10 ஜிகாபைட் அட்டவணைக்கு அந்த வேலையைத் தொடங்கினால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இன்னொரு டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸில், மாற்றங்களை எழுதி வைக்கும் பிஜி_வால் ஃபோல்டர் பெருத்தால் அழிக்காதீர்கள், டேட்டாபேஸே எழும்பாது. முன்பு இதன் பெயர் பிஜி_எக்ஸ்லொக். பெயரில் லொக் இருப்பதால் தேவையில்லாத லொக் என்று நினைத்துப் பலர் அழித்தார்கள். 2017இல் வந்த 10ஆம் பதிப்பில் பெயரையே மாற்றிவிட்டார்கள். பெருப்பதற்குப் பொதுவான காரணம், எப்போதோ வைத்து மறந்துபோன ரெப்ளிகேஷன் ஸ்லொட் (ரெப்ளிகா வாசிக்கும்வரை பிடித்து வைப்பது). அதை நீக்கினால் தானாக வடியும்.

படி 6: உண்மையாகவே இடம் போதாதென்றால்

காசு கட்டிப் பெரிய டிஸ்க் வாங்க முதல் ஒரு கமாண்ட்:

சூடோ விஜிஎஸ்

உபுண்டு சேர்வரை எல்விஎம்மோடு (டிஸ்க் இடத்தைப் பிறகு கூட்டிப் பங்கிட விடும் அமைப்பு) நிறுவும்போது, நடுத்தர டிஸ்குகளில் பாதியைத்தான் மூலப் பகுதிக்குக் கொடுக்கும். 200 ஜிகாபைட்டுக்கு மேல் போனால் 100 மட்டும். மிச்சம் யாருக்கும் ஒதுக்காமல் கிடக்கும். விஃப்ரீ நிரலில் எண் தெரிந்தால் அது உங்கள் இடம்தான். எல்விஎஸ் காட்டும் பெயரை வைத்து:

சூடோ எல்விஎக்ஸ்டெண்ட் -ஆர் -எல் +100%ஃப்ரீ /டெவ்/உபுண்டு-விஜி/உபுண்டு-எல்வி

இங்கே -எல் சிறிய எழுத்து, ஃப்ரீ முழுவதும் பெரிய எழுத்து. -ஆர் கோப்பு முறைமையையும் கூடவே நீட்டிவிடும். சேவையை நிறுத்தத் தேவையில்லை.

வாடகை இயந்திரத்தில் டிஸ்கைப் பெரிதாக்கினால் பார்டிஷன் தானாக வளராமல் நிற்கலாம். ‘க்ரோபார்ட் /டெவ்/விடிஏ 1’, பிறகு ‘ரீசைஸ்2எஃப்எஸ் /டெவ்/விடிஏ1’. முதலாவதில் விடிஏவுக்கும் 1க்கும் இடையில் இடைவெளி உண்டு, இரண்டாவதில் இல்லை. எக்ஸ்எஃப்எஸ் என்றால் எக்ஸ்எஃப்எஸ்_க்ரோஎஃப்எஸ். அதைப் பெருக்கலாம், குறைக்க வழியில்லை. தொடங்க முதல் ஸ்னாப்ஷொட் (டிஸ்கின் அந்த நேர நகல்) எடுங்கள்.

படி 7: அடுத்த முறை இரவு பத்து மணிக்குப் போன் வராமல் இருக்க

லொக்குகளைச் சுழற்றிப் பழையதை எடுக்கும் லொக்ரொடேட்டில் உங்கள் அப்ளிகேஷனின் லொக்கைச் சேருங்கள். சிஸ்டம் லொக்குகளுக்கு அமைப்பு தானாக வரும். நீங்கள் எழுதிய, வாங்கிய அப்ளிகேஷனுக்கு வராது. வாரம் ஒருமுறை சுழற்றி, நாலு வைத்து, சுருக்கினால் போதும். ஃபைலைத் திறந்தபடியே வைத்திருக்கும் அப்ளிகேஷனாக இருந்தால் கொப்பிட்ரன்கேட் என்ற சொல்லையும் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் நாலாம் படிக் கதை வாராவாரம் நடக்கும்.

80 வீதம் தாண்டினால் செய்தி வரும்படி ஒரு சின்ன க்ரொன் (குறித்த நேரத்தில் தானாக ஓடும்) ஸ்கிரிப்ட் போடுங்கள். டிஎஃப் -எச்சோடு டிஎஃப் -ஐயையும் பார்க்கட்டும். மெயிலை யாரும் திறப்பதில்லை, டெலிகிராமுக்கு அனுப்புங்கள்.

இன்னுமொன்று, நான் எல்லா இயந்திரத்திலும் செய்வது:

சூடோ ஃபால்லொகேட் -எல் 1ஜி /அழிக்காதே

1 ஜிகாபைட் வெற்று மூட்டை (ஜி பெரிய எழுத்து, பெயரை உங்கள் விருப்பப்படி வையுங்கள்). டிஸ்க் முட்டிய நாளில் இதை அழித்தால் நின்று யோசிக்க உங்களுக்கு 1 ஜிகாபைட் அவகாசம் கிடைக்கும்.

அன்றிரவு அந்த விடுதியில் பிஐடியைக் கண்டுபிடித்து சேவையை ரீஸ்டார்ட் செய்ய, டிஸ்க் 50 வீதத்துக்கு இறங்கியது. மைஎஸ்க்யூஎல்லை நாங்கள் தொடவே இல்லை. இடம் இல்லாவிட்டால் அது நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்துக் காத்திருக்கும்; இடம் கிடைத்ததும் தானே தொடர்ந்தது. அடுத்த நாள் பார்த்தால், யாரோ சோதனைக்காகப் போட்ட டிபக் நிலையை நிறுத்தாமல் விட்டிருந்தார்கள். ஒவ்வொரு கிளிக்குக்கும் பக்கம் பக்கமாக எழுதியிருந்தது.

போன கிழமை தம்பி திரும்பப் போன் எடுத்தார். முதலாளி சேர்வரைப் பார்க்க வந்தாராம். “இந்த ‘அழிக்காதே’ எண்டுறது சும்மா ஒரு ஜிகாபைட்டைப் பிடிச்சுக்கொண்டு கிடக்கு, அழிச்சா என்ன?” எண்டு கேட்டாராம்.